தலையணை மந்திரத்துக்குப் பதினைந்து மதிப்பெண்

ஆங்கில இலக்கியப் பட்டப்படிப்புக்கு ஆண்டுதோறும் வினாத்தாள் தயாரிக்கும் பேராசிரியர்களுக்கும், அவற்றுக்கு விடைக்குறிப்பு எழுதும் தலைமைத் தேர்வாளர்களுக்கும்,

வணக்கம்.

உங்களில் பலரை எனக்கு முகம் தெரியாது, கையெழுத்து தெரியும். இருபத்தொன்பது ஆண்டுகள் கல்லூரியில் ஷேக்ஸ்பியர் நடத்தினேன். அதில் பாதிக்கு மேற்பட்ட கோடைகளை விடைத்தாள் திருத்தும் முகாம்களில், சிவப்பு மையோடும் ஆறிப்போன தேநீரோடும் கழித்தேன். ஓய்வு பெற்றபின் வினாத்தாள் எதையும் கையால் தொடுவதில்லை என்றுதான் இருந்தேன். சென்ற மாதம் பக்கத்து வீட்டுப் பெண் பருவத்தேர்வு எழுதிவிட்டு வந்தவள், வாசலில் நின்றபடியே வினாத்தாளை நீட்டினாள். கடைசிப் பகுதி, பதினைந்து மதிப்பெண்: "லேடி மேக்பெத் நான்காவது சூனியக்காரி. விவாதிக்க."

மாணவியாக இருந்தபோது இதே வினாவுக்கு நான் விடை எழுதியிருக்கிறேன். ஆசிரியரான பின் இதே வினாவைக் கேட்டும் இருக்கிறேன். ஆகவே இந்த மடல் ஒரு குற்றப்பத்திரிகை என்று உங்களுக்குப் பட்டால், அதில் முதல் பெயர் என்னுடையது.

"விவாதிக்க" என்று நீங்கள் எழுதினாலும் விவாதம் எதையும் எதிர்பார்க்கவில்லை என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். கைடுகளில் விடை தயாராக இருக்கிறது. ஷேக்ஸ்பியர் நாடகத்தின் நாயகன் மேக்பெத் மாவீரன், ஸ்காட்லாந்து அரசன் டங்கனுக்கு விசுவாசி. வெளியே மூன்று சூனியக்காரிகள் ஆசை காட்டினார்கள், வீட்டுக்குள் ஒருத்தி தலையணை மந்திரம் ஓதினாள், மனிதன் அரசனைக் கொன்று கெட்டான். கொஞ்சம் விஷயம் தெரிந்த பிள்ளைகள் கைகேயியையும் துணைக்கு அழைப்பார்கள். அதற்காக ஒரு மதிப்பெண் கூடுதலாகவும் போட்டிருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. தசரதன் மகனைக் காட்டுக்கு அனுப்ப மனத்தின் எந்த மூலையிலும் விரும்பியவன் அல்லன். வரத்தைக் கேட்டதும் தரையில் விழுந்து புரண்டான். மேக்பெத்தோ மனைவி வாய் திறப்பதற்கு முன்பே விரும்பியவன்.

சூனியக்காரிகளின் வாக்கைக் கேட்ட அதே பொட்டல் வெளியில், கொலையின் உருவம் மனத்தில் எழுந்து அவனுக்கு மயிர் கூச்செறிகிறது. அவர்கள் "அரசனாவாய்" என்றார்களே தவிர, "கொல்" என்று சொல்லவில்லை. அடுத்த காட்சியில் டங்கன் தன் மகன் மால்கமை வாரிசாக அறிவிக்கிறான். உடனே, விண்மீன்களே உங்கள் வெளிச்சத்தை மறைத்துக்கொள்ளுங்கள், என் கறுத்த ஆசைகளை ஒளி பார்க்க வேண்டாம் என்கிறான் மேக்பெத். அவன் மனைவி அதுவரை மேடைக்கே வரவில்லை.

வரும்போது கையில் கடிதத்தோடு வருகிறாள். வகுப்பில் இந்தக் கடிதத்தைக் கதைச் சுருக்கம் போல வாசித்துவிட்டு நாம் தாண்டிப் போய்விடுகிறோம். நாடகத்திலேயே மிகத் தந்திரமான பேச்சு அதுதான் என்பது என் எண்ணம். அரசனாக வேண்டும் என்ற எழுதியவனின் விருப்பம் பற்றி ஒரு சொல் அதில் கிடையாது. அவர்களைப் பார்த்தேன், காடர் பிரபு என்றார்கள், அது பலித்துவிட்டது, வருங்கால அரசே என்றும் வாழ்த்தினார்கள், உனக்குச் சேர வேண்டிய மகிழ்ச்சியை நீ இழந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன், நெஞ்சில் வைத்துக்கொள். அவ்வளவுதான். "என் பெருமையில் பங்குடைய பேரன்பே" என்று அவளை அழைக்கிறான். (பங்காளி என்று பெயர்த்தால் நம் வாசகர்களுக்கு வரப்புத் தகராறு ஞாபகம் வந்துவிடும்.) அதே பொட்டலில், உடனிருந்த படைத்தலைவன் பாங்க்வோவுக்கும் ஒரு வாக்குக் கிடைத்தது: உன் வழியினர் அரசாள்வார்கள். மேடையில் நம் காதில் விழும் கடிதப் பகுதியில் அந்தப் பேச்சே இல்லை. கிரீடம் வரும் என்பதை எழுதியவன், அது வேறொருவன் வீட்டுக்குப் போய்விடும் என்பதை எழுதவில்லை. தன் மனைவி எப்படிப்பட்டவள் என்று அறிந்த கணவன் அனுப்பிய கடிதம் இது.

அவன் வீடு வந்து சேர்ந்ததும் நடக்கும் பேச்சில் அவன் பங்கு நான்கைந்து வரிதான். டங்கன் இன்றிரவு இங்கே வருகிறான், என்கிறான். எப்போது புறப்படுகிறான், என்று கேட்கிறாள். "நாளைக்கு, அப்படித்தான் எண்ணியிருக்கிறான்." அந்த வால் எதற்கு? "நாளைக்கு" என்று நிறுத்தியிருந்தால் அது செய்தி. "அப்படித்தான் எண்ணியிருக்கிறான்" என்று சேர்த்ததும் அது பாதி திறந்து வைத்த கதவாகிவிடுகிறது. திறந்தவன் ஒதுங்கி நிற்கிறான். அப்படியொரு நாளையைச் சூரியன் காணப்போவதில்லை என்று சொல்லிக்கொண்டு அவள் உள்ளே நுழைகிறாள். சொன்ன பழி அவளுக்கு வந்துவிட்டது. அவன், "மேலும் பேசுவோம்" என்று நிறுத்திக்கொள்கிறான். தனக்கு வேண்டியதை எதிரே இருப்பவர் வாயால் வரவழைத்துவிட்டு, பிறகு தான் தயங்குவது போல நிற்பது குடும்பம் நடத்திய யாருக்கும் புதிய வித்தை அன்று.

கடிதத்தைப் பற்றி நான் சொல்வது என் கண்டுபிடிப்பன்று. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு முகாமில் என் மேசைக்கு வந்த விடைத்தாளில் படித்தது. நான்காவது சூனியக்காரி வினாவுக்கு ஒரு மாணவி இரண்டே பக்கம் எழுதியிருந்தாள். மாணவிதானா என்று எனக்கு நிச்சயமில்லை. விடைத்தாளில் பெயர் இருக்காது, கையெழுத்தை வைத்து நானாக நினைத்துக்கொண்டது. முதல் வாக்கியம்: "கடிதத்தை அவன்தான் முதலில் எழுதினான்." விடைக்குறிப்பில் இருந்த ஏழு குறிப்புகளில் ஒன்றுகூட அந்த இரண்டு பக்கத்தில் இல்லை. தலைமைத் தேர்வாளரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றாமலேயே, "குறிப்பில் இல்லாததற்கு எப்படி மதிப்பெண் போடுவது?" என்றார். பதினைந்துக்கு ஆறு போட்டேன். அவர் சொன்னதால்தான் போட்டேன் என்று நெடுங்காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

அதற்காக லேடி மேக்பெத்துக்கு நான் வெள்ளையடிக்க வரவில்லை. முதல் அங்கத்தின் ஏழாம் காட்சி, கணவனை மனைவி வளைப்பதற்கு உலக நாடகத்தில் உள்ள ஆகப் பெரிய பாடங்களில் ஒன்று. விருந்தினர் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவன் வெளியே வந்து, இனி இதில் மேலே போக வேண்டாம் என்கிறான். அவள் கெஞ்சவில்லை, அழவில்லை. இனி உன் அன்பையும் இப்படித்தான் எடைபோடுவேன் என்கிறாள். எத்தனை வீடுகளில் எத்தனை மொழிகளில் இந்த வாக்கியம் சொல்லப்பட்டிருக்கும்! செய்தால் நேசம், செய்யாவிட்டால் அது நேசமே இல்லை. அடுத்து ஆண்மையின் மீது ஓர் அடி: செய்யத் துணிந்தபோதுதான் நீ ஆணாக இருந்தாய். அதற்கும் அசையாதவனிடம், முலை கொடுத்த குழந்தையின் கதையைச் சொல்கிறாள்: நீ வாக்களித்தது போல நான் வாக்களித்திருந்தால், என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கும் குழந்தையாக இருந்தாலும் மண்டையைச் சிதறடித்திருப்பேன். கொடூரமான பேச்சு. தான் பெற்ற பாசத்தையே ஆயுதமாக எடுத்து வீசுகிறாள்.

ஆனால் அந்தப் பேச்சின் நடுவே அவள் கேட்கும் ஒரு கேள்வியை விடைக்குறிப்புகள் எப்போதும் விழுங்கிவிடுகின்றன. அப்படியானால் இந்தக் காரியத்தை என்னிடம் வந்து சொல்லும்படி உன்னைத் தூண்டிய மிருகம் எது, என்று கேட்கிறாள். அப்போது நேரமும் கூடிவரவில்லை, இடமும் அமையவில்லை. இரண்டையும் உண்டாக்குவேன் என்று நீதான் நின்றாய். எப்போது சொன்னான், கடிதத்துக்கு முன்பா பின்பா என்று நாடகம் காட்டவில்லை. அறிஞர்கள் அதைப் பற்றி நிறையவே அடித்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அது முக்கியமில்லை. அவள் அப்படிச் சொன்னபோது அவன் மறுக்கவில்லை. "நான் எப்போது சொன்னேன்?" என்று ஒரு கணவன் கேட்டிருக்க வேண்டிய இடத்தில் மேக்பெத் கேட்பது "தோற்றுவிட்டால்?" என்றுதான். பாவம் என்பதற்காக அவன் தயங்கவில்லை என்பது அந்த ஒற்றைக் கேள்வியில் தெரிந்துவிடுகிறது. காவலர்களுக்குக் குடிக்கக் கொடுத்துத் தூங்கவைக்கலாம் என்று அவள் திட்டத்தை விரித்ததும், ஆண் பிள்ளைகளை மட்டுமே பெறு என்று பாராட்டுகிறான். கடிதம் போட்ட கைக்கு வேலைத்திட்டம் கிடைத்துவிட்டது.

இந்தக் கதை ஷேக்ஸ்பியர் கைக்கு எப்படி வந்தது என்பதையும் வகுப்பில் ஓரிரு வரிகளில் முடித்துவிடுகிறோம். அவர் படித்தது ஹாலின்ஷெட்டின் வரலாற்றுத் தொகுப்பு. அதில் மேக்பெத் தன் நண்பர்களோடு கலந்து பேசித்தான் டங்கனைக் கொல்கிறான். நண்பர்களில் முதல்வன் பாங்க்வோ. மனைவிக்கு அங்கே ஒரே ஒரு வாக்கியம்: அரசி என்ற பெயருக்கு ஆசைப்பட்டு அவனை நெருக்கினாள். 1603-இல் இங்கிலாந்தின் அரியணைக்கு வந்த முதலாம் ஜேம்ஸ், பாங்க்வோவின் வழிவந்தவராகக் கருதப்பட்டவர். அரசரின் முன்னோரைக் கொலைகாரனாக மேடையேற்ற முடியுமா? பாங்க்வோ கறை துடைக்கப்பட்டான். டஃப் என்ற இன்னொரு பழைய அரசனைக் கொன்ற டோன்வால்டின் கதையில் மனைவியின் தூண்டுதலும் குடித்து மயங்கிய காவலர்களும் இருந்தார்கள். அவர்கள் இங்கே வந்து சேர்ந்தார்கள். நண்பர்கள் கூட்டமாகச் சுமந்த சதி முழுவதும் ஒரு பெண்ணின் தலையில் இறங்கியது இப்படித்தான். உண்மையான மேக்பெத் 1040-இல் டங்கனைப் போரில் வென்று பதினேழு ஆண்டுகள் ஆண்டவன். அவன் மனைவியின் பெயர் குரோக். அவளைப் பற்றி எஞ்சியிருக்கும் பதிவுகளில் ஒன்று, கணவனும் மனைவியுமாக லாக் லீவன் துறவிகளுக்கு நிலம் கொடுத்த செய்தி. நாடகம் முதன்முதலாக அச்சான 1623-ஆம் ஆண்டு ஃபோலியோ தொகுப்பில் அவளுக்குப் பெயரும் இல்லை. "மேக்பெத்தின் மனைவி", "சீமாட்டி" என்றுதான் இருக்கிறது.

கொலை இரவில் அவர்கள் இருவரும் இருட்டில் ஒட்டி நின்று குசுகுசுக்கும் பேச்சை நீங்கள் எல்லோரும் நன்றாகவே நடத்துவீர்கள். "ஆமென்" என்ற சொல் தொண்டையில் சிக்கியது என்று அவன் திரும்பத் திரும்பச் சொல்வதும், கத்திகளை அவள் பிடுங்கிக்கொண்டு போவதும், கொஞ்சம் தண்ணீர் போதும் என்பதும் யாருக்கும் மறக்காது. ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன். தூங்கும்போது டங்கன் என் தந்தையைப் போல இல்லாதிருந்தால் நானே செய்திருப்பேன் என்று அதற்குச் சற்று முன் அவள் சொல்கிறாள். சூனியக்காரிக்கு ஏது தந்தை?

நான் முக்கியமாகப் பேச வந்தது இதற்குப் பிறகு நடப்பதைப் பற்றி. வினாத்தாள்கள் முதல் இரண்டு அங்கங்களோடு அவளை முடித்துவிட்டு, ஐந்தாம் அங்கத்தில் தூக்கத்தில் நடக்கும்போது மறுபடி கண்டுபிடிக்கின்றன. நடுவில் என்ன ஆனாள்?

மூன்றாம் அங்கத்தின் தொடக்கத்தில் மேக்பெத் இரண்டு கூலிக்கொலைகாரர்களை அழைத்துப் பேசுகிறான். பாங்க்வோவைக் கொல்ல அவர்களைத் தயார் செய்ய வேண்டும். நாங்களும் மனிதர்கள்தான் பிரபு, என்கிறான் ஒருவன். ஆமாம், பட்டியலில் மனிதர்கள்தான். வேட்டைநாய், தெருநாய், ஓநாய்க்கலப்பு எல்லாவற்றுக்கும் நாய் என்றுதானே பெயர், என்கிறான் மேக்பெத். நீ ஆணா என்று மனைவி தன்னைக் குத்திய அதே ஊசியை எடுத்து இன்னொருவன் மேல் ஏற்றுகிறான். நல்ல மாணவன்! இந்தப் பேச்சின்போது அவன் மனைவி அங்கே இல்லை. அவளுக்கு இந்தக் கொலை பற்றி அவன் சொல்லவும் இல்லை.

அதற்கு அடுத்த காட்சியை, நாடகத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஐம்பத்துச் சொச்சம் வரிகளை, பாடத்திட்டங்களில் பலமுறை "தனியே வாசிக்கும் பகுதி" என்று ஒதுக்கி வைத்திருப்பதைக் கண்டிருக்கிறேன். அரசியான பிறகு அவள் ஒரு வேலைக்காரனிடம் சொல்கிறாள்: அரசருக்கு ஓய்வு இருந்தால் நான் ஓரிரு வார்த்தை பேச வேண்டும் என்று தெரிவி. ஒரே வீட்டில் வாழும் மனைவி கணவனோடு பேச ஆள் விட்டு நேரம் கேட்கிறாள். வேலைக்காரன் போனதும் தனியே நான்கு வரி பேசுகிறாள். எல்லாம் செலவாகிவிட்டது, கைக்கு எதுவும் வரவில்லை. அழித்துவிட்டு இப்படி ஐயத்தோடு வாழ்வதைவிட, அழிக்கப்பட்டவராக இருப்பதே மேல். மேக்பெத் உள்ளே வருகிறான். அந்த நொடியில் அவள் முகம் மாறிவிடுகிறது. ஏன் தனியாகவே இருக்கிறீர்கள், போனது போனதுதான் என்று தேற்றத் தொடங்குகிறாள். அவன் பதிலுக்குச் சொல்வது: நிம்மதி தேடி நாம் அமைதிக்கு அனுப்பியவரோடு நாமும் போய்ச் சேர்ந்திருக்கலாம்.

அவள் சற்று முன் தனியாகச் சொன்னதைத்தான் அவனும் சொல்கிறான். கிட்டத்தட்ட ஒரே எண்ணம். அவளும் அதையே நினைத்தாள் என்பது அவனுக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொள்பவள் அவள். முதல் அங்கத்தில் அவனைத் தன் விருப்பத்துக்கு வளைக்க நடித்தவள், இங்கே அவன் உடையாமல் இருக்க நடிக்கிறாள். குற்ற உணர்வு இருவருக்கும் சமமாகவே வந்திருக்கிறது. அவன் தன்னுடையதைக் கொண்டுவந்து அவள் மடியில் கொட்டுகிறான், மனமெல்லாம் தேள், அன்பு மனைவியே என்று. அவள் தன்னுடையதைக் கொட்ட ஓர் இடம் அந்த அரண்மனையில் இல்லை.

தேளைக் காட்டியவன் கொலையைக் காட்டவில்லை. பயங்கரமான ஒரு காரியம் நடக்கப்போகிறது என்று ஆவலைக் கிளப்புகிறான். என்ன செய்யப்போகிறீர்கள் என்று அவள் கேட்டதும், "தெரியாதவளாகவே இரு, செல்லக் குருவியே, முடிந்ததும் கைதட்டு" என்கிறான். அவன் சொன்னது கோழிக்குஞ்சை அழைக்கும் கொஞ்சல் சொல். நம் வாய்க்குக் குருவி என்று வருகிறது. இந்த வரியை அன்பு என்று எழுதிய விடைகளை நிறையத் திருத்தியிருக்கிறேன். மனைவியைக் குற்றத்திலிருந்து காப்பாற்றுகிறானாம். பெருமையில் பங்குடையவள் என்று எழுதியவன், பங்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் இடம் இது. முதல் கொலையின் பாரத்தைப் பாதி அவள் தோளில் ஏற்றியாகிவிட்டது. இனி வரும் கொலைகளுக்கு அவள் பேச்சுத் தேவையில்லை. கைதட்டினால் போதும்.

அன்று இரவு விருந்தில் பாங்க்வோவின் ஆவியைக் கண்டு அவன் கத்த, இவருக்குச் சிறுவயது முதலே இப்படி வருவதுண்டு, உட்காருங்கள் என்று விருந்தினரிடம் பொய் சொல்லிச் சமாளிக்கிறாள். அவளுக்கு அந்த ஆவி தெரியவும் இல்லை, அது யாருடைய கொலை என்று யாரும் அவளிடம் சொல்லவும் இல்லை. எல்லோரும் போனபின் ஒரு திட்டு, ஒரு குத்தல் கிடையாது. ஃபைஃப் பிரபு மேக்டஃபுக்கு ஆள் அனுப்பினீர்களா, என்று கேட்கும்போது "ஐயா" என்று மரியாதையோடு அழைக்கிறாள். உங்களுக்குத் தூக்கம் போதவில்லை, என்கிறாள். அதற்குப் பிறகு நாடகம் முடியும்வரை இருவரும் ஒரே மேடையில் நிற்பதில்லை.

அடுத்து அவள் வருவது ஐந்தாம் அங்கம், தூக்கத்தில். சாரா சிடன்ஸ் 1785-இல் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் இந்தக் காட்சியை நடித்தபோது, அதுவரை நடிகைகள் காட்சி முழுக்கக் கையிலேயே வைத்திருந்த மெழுகுவர்த்தியைக் கீழே வைத்துவிட்டார். அரங்கை நடத்திய ஷெரிடன் ஒப்பனை அறைக்கே வந்து வேண்டாம் என்றாராம். கை கழுவுகிறவள் விளக்கைப் பிடித்துக்கொண்டு எப்படிக் கழுவுவாள்? கேட்கவில்லை அந்த அம்மாள். விடைக்குறிப்பை மீறியவர்.

கழுவும்போது என்ன பேசுகிறாள் என்று கவனியுங்கள். "சீச்சீ, பிரபுவே, போர்வீரருக்கா பயம்?" "கையைக் கழுவுங்கள், இரவு உடையைப் போட்டுக்கொள்ளுங்கள், வெளிறிப்போய் நிற்காதீர்கள்." "கையைக் கொடுங்கள்." எல்லாம் கணவனிடம் பேசியவை. கொலை இரவு, விருந்து இரவு எல்லாம் ஒன்றாகக் குழம்பி, அருகில் இல்லாதவனை இன்னும் தேற்றிக்கொண்டிருக்கிறாள். இனித் தூக்கம் இல்லை என்று அன்றிரவு அலறியவன் அவன். தூக்கம் கெட்டது இவளுக்கு. கடல் முழுவதும் கொட்டினாலும் இந்தக் கை தூய்மையாகாது என்றவன் அவன். அரபு நாட்டு வாசனைத் திரவியங்களால்கூட ஆகாது என்று கையைத் தேய்ப்பவள் இவள். இருவரையும் ஒரே மனத்தின் இரண்டு பாதிகளாகப் பார்க்கலாம் என்று ஃபிராய்டு 1916-இல் எழுதினார். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். ஒரு வீட்டில் ஒருவர் மற்றவருடைய சுமையையும் சேர்த்துச் சுமப்பதற்கு மனோதத்துவம் தேவையில்லை.

நடுவில் ஒரு வரி, பாட்டுப் போல: "ஃபைஃப் பிரபுவுக்கு ஒரு மனைவி இருந்தாள், இப்போது எங்கே?" மேக்டஃபின் மனைவியையும் குழந்தைகளையும் கொல்ல ஆள் அனுப்பியவன் மேக்பெத். இவளிடம் கேட்கவில்லை, சொல்லவில்லை, இவள் கைதட்டவும் இல்லை. செய்யாத அந்தக் கொலையின் இரத்தத்தையும் கழுவுகிறாள். நான்காவது சூனியக்காரி என்ற விடையில் இந்த வரிக்கு எங்கே இடம் வைப்பீர்கள்?

கணவன் இதற்கு என்ன செய்தான்? மருத்துவரிடம் கேட்கிறான்: "உம்முடைய நோயாளி எப்படி இருக்கிறாள்?" உம்முடைய நோயாளி! குணப்படுத்தும், என்று உத்தரவிடுகிறான். முடியாது என்றதும் மருந்தை நாய்க்குப் போடு என்கிறான். பெண்களின் அழுகுரல் கேட்கிறது, அரசி இறந்துவிட்டார் என்ற செய்தி வருகிறது. பிறகு ஒரு நாள் இறந்திருக்கலாம், என்கிறான். அதற்கப்புறம் உலகப் புகழ்பெற்ற பத்து வரி வருகிறது, நாளையும் நாளையும் நாளையும் என்று. அழகுக்குக் குறைவில்லை. அதில் அவள் இல்லை.

அவனுக்கும் ஒரு நியாயம் செய்துவிடுகிறேன். நாடகத்தின் முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை தேடிப் பாருங்கள்: "இவளால்தான் கெட்டேன்" என்று மேக்பெத் எங்கும் சொல்வதில்லை. இரட்டை அர்த்தத்தில் பேசிய பேய்களை நம்பாதீர்கள் என்று சூனியக்காரிகளைச் சாடுகிறான். மனைவியை ஒரு சொல் சொல்வதில்லை. அவளைப் "பேய் போன்ற அரசி" என்பவன் மால்கம்; அவளிடம் ஒரு வார்த்தைகூட மேடையில் பேசாதவன், அப்பனைப் பறிகொடுத்த மகன், புதிதாக அரியணை ஏறுகிறவன். அவன் அப்படிச் சொல்வதில் வியப்பில்லை. நம் விடைக்குறிப்புகள் அவன் வாயிலிருந்து அதை எடுத்துத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் கையில் கொடுத்துவந்ததில்தான் எனக்கு வருத்தம். கொலை செய்தவனே போடாத பழி அது. தலைமைத் தேர்வாளர் சொன்னதால்தான் ஆறு போட்டேன் என்று சொல்லித் திரிந்த நான், அந்த விஷயத்தில் மேக்பெத்தைவிடக் கீழே நிற்கிறேன்.

அந்த வினாவை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத, வேண்டாம், இருக்கட்டும் என்று தோன்றுகிறது. கேளுங்கள்; குறிப்பில் இல்லாத விடை வந்தால் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படியுங்கள். அதோடு அடுத்த பருவத்துக்கு ஒரு வினாவை நானும் அனுப்புகிறேன்.

தூக்கத்தில் நடக்கும் காட்சியில், அரசி வருவதற்கு முன் பணிப்பெண் மருத்துவரிடம் ஒரு செய்தி சொல்கிறாள். அரசர் போர்க்களம் போனது முதல், அரசி இரவில் எழுந்து, மேலங்கியைப் போட்டுக்கொண்டு, அலமாரியைத் திறந்து, ஒரு காகிதத்தை எடுத்து, மடித்து, எழுதி, எழுதியதைப் படித்து, முத்திரையிட்டு, மறுபடி போய்ப் படுத்துக்கொள்கிறாள். அத்தனையும் ஆழ்ந்த தூக்கத்தில். வினா இதுதான்: அந்தக் காகிதத்தில் யாருக்கு, என்ன எழுதுகிறாள்? பதினைந்து மதிப்பெண். விடைக்குறிப்பு இணைக்கப்படவில்லை.

இப்படிக்கு,
பதினைந்துக்கு ஆறு போட்ட ஒருத்தி